நிற்கும் வண்டியின் பசி

ஓடுகின்ற வண்டிதான் தேயும். நிற்கின்ற வண்டிக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? எம்மவரிற் பெரும்பாலோரின் எண்ணம் இதுவே. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

பதுளை நகரின் மேட்டுப்புறத்து ஒழுங்கையொன்றில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலிற் பழைய டீசல் வான் ஒன்று நிற்கிறது. மைத்துனரும் நானும் பங்குபோட்டு வாங்கியது. ஆடி மாதத்திற் கதிர்காமம், மார்கழிப் பௌர்ணமிக்குப் பின் சிவனொளிபாதமலை, பாடசாலை விடுமுறை கிடைத்தால் முன்னேஸ்வரம் அல்லது திருக்கோணேஸ்வரம் என்று வருடத்தில் நாலைந்து நெடும் பயணங்கள் போவதுண்டு. இடையிடையே வாரக்கணக்கில் அதற்கு ஓய்வு. அத்தகைய ஓய்வொன்றின் முடிவில் நிகழ்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. எங்கள் வானின் தாங்கியில் ஏழு லீற்றர் டீசல் எஞ்சியிருந்தது. அவசரத்துக்கென்று அதைப் பொன்போலக் காத்தோம். ஐந்து வாரங்கள் வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஜூலையில் ஒருநாள், நள்ளிரவு தாண்டிய வேளையில், கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டுவிட்டது. அம்புலன்ஸ் வண்டி வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தது. பெண்ணின் தாயார் ஓடிவந்து கதவைத் தட்டி, “மாஸ்டர், வண்டி எடுக்க முடியுமா?” என்று கேட்டார்.

“டீசல் இருக்கிறது அம்மா, பயப்படாதீர்கள்” என்று சற்றே பெருமிதத்துடன் கூறிச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றொரு சத்தம். மீண்டும் திருப்பினேன்; மீண்டும் ‘டக்’. முன்விளக்கு மஞ்சளாக மினுங்கி மங்கியது. தாங்கியில் டீசல் இருந்தது. பற்றரியில் உயிர் இல்லை.

ஒழுங்கை சரிவானது என்பதே அன்றைக்கு எங்களைக் காத்தது. ஆறேழு இளைஞர்கள் கூடித் தள்ள, இரண்டாம் கியரிலே கிளச்சை விட்டு என்ஜினை இயக்கினோம். சொல்லும்போது இது எளிதாகத்தான் இருக்கிறது. என்ஜின் இயங்காத வண்டிக்குப் பிரேக்கும் முழுப் பலத்தோடு பிடிக்காது. சரிவின் அடியிலோ பிரதான வீதி. உள்ளே அந்தப் பெண் வலியாற் துடித்துக்கொண்டிருந்தாள். வண்டி உறுமி உயிர்பெற்ற அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். பதுளை ஆஸ்பத்திரியிற் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், வருடந் தவறாமல் ஈய அமிலக் கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து மாணவருக்கு விளக்கும் விஞ்ஞான ஆசிரியன் நான். அவ்வேளை பாடசாலைகள் மூடியிருந்தன. மறுநாளே மாணவர் முகத்தில் விழிக்கவேண்டிய நிலை வரவில்லை.

பற்றரி என்பது மின்சாரத்தை ஊற்றி நிரப்பி வைக்கும் ஒரு குடம் என்று எண்ணுவதே முதற் பிழை. அதற்குள்ளே இருப்பவை ஈயத் தகடுகளும், ஈய ஈரொட்சைட்டுப் பூசிய தகடுகளும், நீர் கலந்த சல்பூரிக் அமிலமுமே. 1859ஆம் ஆண்டிற் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் இக்கலத்தை அமைத்தார். அதன் பின்னர் எத்தனையோ திருத்தங்கள் வந்தபோதிலும், இன்று நம் வண்டிகளில் இருப்பது அடிப்படையில் அதே கலந்தான். ஒரு கலம் ஏறத்தாழ இரண்டு வோல்ட் தரும். ஆறு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் நாம் பன்னிரண்டு வோல்ட் என்று சொல்லும் பற்றரி ஆகிறது.

பற்றரியிலிருந்து மின்னை எடுக்கும்போது அமிலம் தகடுகளோடு சேர்ந்து இருபுறத்துத் தகட்டிலும் ஈயச் சல்பேற்று என்னும் வெண்ணிறப் பொருளாகப் படிகிறது. அமிலம் குறைந்து நீர் மிகுகிறது. மின்னேற்றினால் இவையெல்லாம் திரும்பி நடக்கும். சல்பேற்றுக் கரைந்து ஈயம் ஈயமாகவும், அமிலம் அமிலமாகவும் மீளும். ஆனால் இவ்வாறு மீள்வதற்கு ஒரு தவணை உண்டு. சமையலறை உப்புச் சாடியை எண்ணிப் பாருங்கள். ஈரம் பட்ட உப்பு முதல்நாள் விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். அப்படியே விட்டுவிட்டால் கல்லாக இறுகிக் கரண்டியையும் வளைத்துவிடும். தகட்டிற் படிந்த சல்பேற்றும் அவ்வாறானதே. உடனே மின்னேற்றினாற் கரையும்; வாரக்கணக்கில் விட்டால் பெரும் பளிங்குகளாக இறுகும். அதன்பின் எந்தச் சார்ஜரும் அதை முழுதாகக் கரைக்கமாட்டாது. தகட்டின் அந்தப் பகுதி செத்தது செத்ததுதான்.

ஆகவே பற்றரியைக் கொல்வது உழைப்பு மட்டுமன்று. வெறும் வயிற்றோடு அதைக் கிடக்க விடுவது அதனினும் விரைவாகக் கொல்லும்.

“ஒன்றையும் இயக்காமல் நிறுத்தி வைத்தேனே, வயிறு எப்படி வெறுமையாயிற்று?” என்று கேட்கலாம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளிருந்தே கரைவது. கம்பிகளை முழுதாகக் கழற்றி வைத்தாலும் ஈய அமிலப் பற்றரி தன்னைத்தானே மெல்ல உண்டுகொண்டிருக்கும். இக்காலத்துக் கல்சியம் சேர்ந்த தகடுகளாயின் இவ்விழப்பு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரையில் இருக்கும். அந்திமனி கலந்த பழைய தகடுகளில் இது பன்மடங்கு. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். இந்த வகையில் மலைநாட்டவர் கொடுத்துவைத்தவர்கள். பதுளை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையோ 1,400 மீற்றரையும் தாண்டிய இடம். கீழே வெல்லவாயப் பக்கத்து வெயிலில் நிற்கும் வண்டியைவிட ஹப்புத்தளைக் குளிரில் நிற்கும் வண்டியின் பற்றரி நெடுநாள் தாங்கும்.

இரண்டாவது வழிதான் என்னை ஏமாற்றியது. சாவியைக் கழற்றிய பின்னரும் வண்டி முற்றாக உறங்குவதில்லை. மணிக்கூடு ஓடுகிறது, வானொலி தன் நிலையங்களை நினைவில் வைத்திருக்கிறது, திருடனுக்கு அஞ்சிப் பூட்டிய அலாரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. பின்னர் அளந்து பார்த்தபோது எங்கள் வானில் இவையாவும் சேர்ந்து ஐம்பது மில்லி அம்பியர் உறிஞ்சுவது தெரிந்தது. ஐம்பது மில்லி அம்பியர் என்ன பெரிது? மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு மணித்தியாலம்; ஆகவே நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. முப்பத்தைந்து நாளைக்கு 42. எங்கள் பற்றரியின் கொள்ளளவு 70. புதியதாக இருந்தபோதே அறுபது வீதம் போயிருக்கும். மூன்று வயதான பற்றரிக்கு மீதி என்ன இருக்கும்? கனத்த டீசல் என்ஜினைச் சுழற்றும் வலு அதற்கு இல்லாமற்போனதில் வியப்பில்லை.

இப்பாடத்தை நான் அதற்கு முன்பே கற்றிருக்க வேண்டும். கற்கத் தவறியது 1996ஆம் ஆண்டில்.

அந்நாளில் எங்கள் தோட்டத்து லயங்களில் மின்சாரம் இல்லை. பசறைப் பக்கத்து மலைச்சரிவிலே கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் இருந்தது. அதை இயக்கியது லொறியிலிருந்து கழற்றிய பற்றரி. இலங்கை முழுவதும் மின்சாரம் எட்டாத ஊர்களில் அக்காலத்து வழக்கம் இதுவே. வாரமொரு முறை பற்றரியைச் சாக்கிற் சுற்றித் தோளிலே தூக்கிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். சட்டையில் அமிலம் பட்டுப் பொத்தலாகாத ஆண்பிள்ளை எங்கள் லயத்தில் இருந்ததில்லை. பஸ் கொண்டக்டர் ஏற்ற மறுத்தால் நடைதான்.

உலகக் கிண்ணப் போட்டி அவ்வருடம் பெப்ரவரியில் ஆரம்பமாயிற்று. என் மாமா தூரநோக்கு உள்ளவர். பழைய பற்றரி ஒன்றை மலிவாக வாங்கி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சாக்கிற் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். “யாரும் இதுல கை வைக்கக் கூடாது. பைனலுக்கு மட்டுந்தான்” என்று கட்டளை. ஒரு மாதத்துக்கு மேல் அது அங்கேயே தூங்கியது. எங்கள் அணியே இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டபோது, மாமாவின் மதிநுட்பத்தை லயம் முழுவதும் மெச்சியது.

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் அவுஸ்திரேலியா முதலில் ஆடி 241 ஓட்டங்கள் எடுத்து முடிக்க, வழக்கமான பற்றரியும் முடிந்தது. ஐம்பது பேர் நெருக்கியடித்து அமர்ந்திருந்த அந்த அறையில், மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து பொக்கிஷத்தை வெளியே எடுத்துப் பூட்டினார். படம் பளிச்சென்று வந்தது. இரண்டு விக்கெட் விழுந்து அரவிந்த டி சில்வா ஆடத் தொடங்கிய சற்று நேரத்தில், படம் நாற்புறமும் சுருங்கத் தொடங்கிற்று. மின்னழுத்தம் குறைந்தால் அந்தப் பழைய பெட்டிகளில் அவ்வாறு நிகழும். அரவிந்த முழங்கையளவாகி, விரலளவாகி, ஈற்றில் ஒரு வெண்புள்ளியாகி மறைந்தார். அவர் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்ததையும், இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றதையும் நாங்கள் வானொலியிற் கேட்டுத்தான் ஆரவாரித்தோம். மாமா மட்டும் ஆரவாரிக்கவில்லை. பற்றரியை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று சாகும்வரையிற் சொல்லிக்கொண்டிருந்தார்.

விற்றவன் ஏமாற்றவில்லை என்றே இப்போது தோன்றுகிறது. அந்திமனித் தகடுள்ள கிழட்டுப் பற்றரியை ஒரு மாதம் பட்டினி போட்டுப் ‘பாதுகாத்தது’ மாமாதான். இன்னொன்றும் உண்டு. வண்டிப் பற்றரி என்பது ஓட்டப்பந்தய வீரனைப் போன்றது. மூன்று நான்கு விநாடி பெருவிசையோடு என்ஜினைச் சுழற்றிவிட்டு, உடனே திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டியது அது. ஆகவே அதன் தகடுகள் மெல்லியன, எண்ணிக்கையில் மிகுந்தன. விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் கொடுப்பதற்குத் தடித்த தகடுள்ள வேறு வகைப் பற்றரி வேண்டும். அது நம் லயங்களுக்கு வரவில்லை. ஆதலாற்றான் அந்நாளில் வீட்டுக்கு வீடு பற்றரிகள் ஓரிரு வருடங்களுக்கு மேற் பிழைக்கவில்லை.

அந்தத் தடித்த தகட்டுப் பற்றரியை மேல்நாட்டார் தங்கள் இல்லவண்டிகளிற் பொருத்துகிறார்கள். கட்டிலும் அடுப்பும் விளக்கும் உள்ள சிறு வீட்டைச் சில்லுகளின்மேல் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்வார்கள் அல்லவா, அதுதான். கோடையிற் சுற்றுலா முடிந்ததும் அவ்வண்டி குளிர்காலம் முழுவதும் வீட்டு முற்றத்தில் நிற்கும். விவரமறிந்தவர் பற்றரியை முழுதாக நிரப்பி, கம்பியைக் கழற்றி, மாதந்தோறும் அளந்து பார்ப்பார்கள். அங்கே பட்டினியோடு இன்னோர் ஆபத்தும் உண்டு. நிரம்பிய பற்றரியின் அமிலம் கடுங்குளிரிலும் உறையாது. முற்றாக இறங்கிய பற்றரியில் இருப்பதோ பெரும்பாலும் நீர். அது உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். நுவரெலியா உறைபனி அந்த அளவுக்குப் போவதில்லை என்பதால் நமக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பதுளைக் கடைவீதியில் நெடுங்காலமாகப் பற்றரி சார்ஜ் செய்துவரும் முதியவர் ஒருவரிடம் 2022இல் எங்கள் பற்றரியைக் கொண்டுபோனேன். மூடிகளைத் திறந்து பார்த்துவிட்டு, “மாஸ்டர், மனுசன் பட்டினி கெடந்தா மெலிவான். இது பட்டினி கெடந்தா கல்லாகும்” என்றார். வேதியியற் புத்தகங்கள் இரண்டு பக்கத்திற் சொல்வதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார். இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். பற்றரி எழுந்தது, ஆயினும் பழைய வலு வரவில்லை. அடுத்த வருடம் புதியது வாங்கினோம். அதற்குக் கொடுத்த பணம் தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் குறையாது. அதன் பின்னர் நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

பயணம் முடிந்து வந்தால், அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு வண்டிக்கு வேலையில்லை என்று தெரிந்தால், பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுகிறேன். ‘மைனஸ்’ என்று குறித்த முனை அது. அதை முதலிற் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் உடலெங்கும் எதிர்முனையோடு தொடுத்திருக்கிறது. நேர்முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பனர் தவறி உடலில் இடித்தால் தீப்பொறி பறந்து ஸ்பனரே பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனையைக் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. பூட்டும்போது எதிர்முனையைக் கடைசியிற் பூட்ட வேண்டும். புதுமாதிரி வண்டிகளிற் சில, கம்பியைக் கழற்றினால் வானொலிக்குக் குறியிலக்கம் கேட்கும். வேறு சில அமைப்புகளையும் மறந்துவிடும். அத்தகைய வண்டிக்காரர் கழற்றாமல், சிறிய தானியங்கிச் சார்ஜர் ஒன்றைப் பூட்டிவிடுவது நல்லது. அது ஏறத்தாழ 13.5 வோல்டிற் பற்றரியைத் தாங்கிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் விட்டாலும் தீங்கில்லை. பழைய மாதிரிச் சார்ஜரை அவ்வாறு விடவே கூடாது. நீர் முழுவதும் கொதித்துப் போய்விடும்.

மாதம் ஒருமுறை சிறிய மீற்றர் ஒன்றினால் அளக்கிறேன். வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் அந்த அளவு பொய் சொல்லும். ஓர் இரவு கழியட்டும். 12.6 வோல்டுக்குக் குறையாவிட்டால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். அப்போதே சார்ஜ் ஏற்றிவிடவேண்டும். 12.2 அரை வயிறு. 12 என்று காட்டினால், “பன்னிரண்டு வோல்ட் பற்றரி பன்னிரண்டுதானே காட்டுகிறது” என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள்; அது கால் வயிறு. சார்ஜ் ஏற்றும்போது கொள்ளளவிற் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஏற்றுவது உத்தமம். 70 அம்பியர் மணிப் பற்றரிக்கு ஏழு அம்பியர்.

ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் என்ஜினை இயக்கி நிறுத்தினாற் போதும் என்று அயலவர் சிலர் சொல்கிறார்கள். இதுவும் கணக்குக்கு நிற்பதில்லை. எங்கள் வானில் ஒரு வாரத்தில் ஒழுகுவது எட்டு அம்பியர் மணிக்கு மேல். ஐந்து நிமிடத்தில், இருபது அம்பியர் வீதம் ஏறினாலும், திரும்பி வருவது இரண்டுகூட இல்லை. வண்டியை வெளியே எடுத்து, ஹாலி-எல கடந்து தெமோதரை வரை ஓட்டித் திரும்பினால் பற்றரிக்கும் நல்லது, சில்லுகளுக்கும் நல்லது. வீட்டிலுள்ளவர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு காற்றும் கிடைக்கும்.

மூடியுள்ள பற்றரியாயின் தகடுகள் எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். குறைவது நீர்தான், ஆகவே ஊற்றவேண்டியதும் காய்ச்சி வடித்த நீர்தான். அமிலம் ஊற்றக் கூடாது. பீலித் தண்ணீரும் கூடாது. தகரக் கூரையில் வழிந்த மழை நீரும் கூடாது. மலையூற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதிற் கரைந்த உப்பும் உலோகமும் தகட்டைப் பிடித்துவிடும். சார்ஜ் ஏறும்போது நீர் மட்டம் சற்று உயரும் என்பதால், தகடு மூழ்கும் அளவுக்கு முன்னர் ஊற்றி, மீதியைச் சார்ஜ் ஏறிய பின்னர் நிரப்புவது முறை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். லயத்து அறைகளில் சுவாமி படத்துக்கு ஏற்றிய விளக்குக்குக் கீழே பற்றரி சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று உறக்கம் வரவில்லை. காற்றோட்டமான வெளித் திண்ணையே அதற்கு இடம். கவ்விகளைப் பூட்டிய பிறகு மின்சாரத்தைப் போடவேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு கவ்விகளைக் கழற்றவேண்டும்.

பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்தால் மின் இறங்கிவிடும் என்று மாமா நம்பினார். கட்டிலுக்கு அடியிலும் பலகை போட்டே வைத்திருந்தார். இறப்பரும் தாரும் சேர்ந்த பழைய காலத்துப் பெட்டிகளில் ஈரம் ஊடுருவியதால் அதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்தக் குறை இல்லை. மேல்மூடியிற் படியும் அழுக்கும் அமில ஈரமுமே இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய பாலமாகி மின்னைக் கசியவிடுகின்றன. அப்பச்சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, முனைகளிற் சிறிது வாஸ்லின் தடவினாற் போதும். சோடா நீர் மூடிக்குள்ளே புகாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செத்த பற்றரியைக் கடையிற் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு. அமிலத்தைக் கானிற் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துச் செல்வோர் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கான் எந்தப் பீலியிற் போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

“கம்பியைக் கழற்றி வைத்தால், நள்ளிரவில் மறுபடியும் யாரேனும் கதவைத் தட்டினால் என்ன செய்வது?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பத்தாம் இலக்க ஸ்பனர் ஒன்றைச் சாவிக் கொத்திலேயே கட்டித் தொங்கவிட்டேன். பூட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆயினும், அதன்பின் ஒரு ஞாயிறு காலையில் நான் சாவியைத் திருப்ப, ‘டக்’ என்ற சத்தங்கூட வரவில்லை. புதுப் பற்றரியும் செத்துவிட்டது என்று பதறிக் கடைவீதி முதியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆட்டோ பிடித்து வந்த அவர் முன்மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றும் பேசாமல், கழற்றிக் கிடந்த கம்பியை விரலால் தூக்கிக் காட்டினார். ஆட்டோக் கூலி என் தலையில்.

இப்போது வானின் சுக்கானில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘கம்பி கழற்றியிருக்கிறது’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டவள் என் மனைவி.